பேரு ஜோதி, பதிவுல பெண்: என் பி.எஃப் பணத்த மீட்ட அனுபவம்

என் பேரு ஜோதி. ஆம்பளை. வயசு நாப்பதை நெருங்குது. இந்தப் பேர வச்சு நான் பட்ட பாட்ட எழுதி வைக்கணும்னு ரொம்ப நாளா மனசுல இருக்கு, ஏன்னா நான் மாட்டிக்கிட்டப்ப தமிழ்ல தேடித் தேடிப் பாத்தேன், பேருல எழுத்துப்பிழை இருந்தா எப்படி திருத்தணும்னு சொல்ல ஏகப்பட்ட பேர் இருக்காங்க, ஆனா பேரு சரியா இருந்து ஆண் பெண்ங்கிற கட்டம் மட்டும் தப்பா இருந்தா யார் கிட்ட போகணும் என்ன எழுதணும்னு உருப்படியா ஒருத்தரும் சொல்லல. மணி, தங்கம், மதி, கீர்த்தி, தமிழ், அன்புன்னு ரெண்டு பக்கமும் வைக்கிற பேரு உள்ளவங்களும், அப்படி ஒரு பேர குழந்தைக்கு வைக்கணும்னு ஆசைப்படுறவங்களும் கொஞ்சம் பொறுமையா படிங்க. உங்களுக்கு இந்த அலைச்சல் வேண்டாம்.

எங்க ஊரு வடலூர் பக்கம். தாத்தா சன்மார்க்கத்துல ஊறினவரு. தைப்பூசத்தன்னைக்கு சத்திய ஞான சபையில ஏழு திரைய விலக்கி ஜோதி தரிசனம் காட்டுவாங்க இல்லையா, 1872-ல வள்ளலார் தொடங்கி வச்ச வழிபாடு அது, நான் பொறக்குறதுக்கு முந்தின தைப்பூசத்துக்கு அம்மா என்னைய வயித்துல சுமந்துக்கிட்டே போயிருக்காங்க. ஆணோ பொண்ணோ, பிள்ளைக்கு ஜோதின்னு தான் வைக்கணும்னு தாத்தா அங்கயே சொல்லிட்டாராம். எங்க பக்கம் இது புதுசும் இல்ல, அவர் தலைமுறை ஆம்பளைங்கள்ல ஜோதி, ஜோதிலிங்கம், ஜோதிராமலிங்கம், அருட்ஜோதி எல்லாம் சர்வசாதாரணம். பள்ளிக்கூடத்துல ஒரு வாத்தியாரும் என் பேர பாத்து நெத்திய சுருக்கினது கிடையாது.

ஊர விட்டு வெளிய போனப்புறம் தான் தெரிஞ்சுது இது எல்லா ஊர்லயும் அப்படி இல்லன்னு. அதோட காலமும் மாறிடுச்சு. 2000-த்த ஒட்டி நடிகை ஜோதிகா தமிழ்ல பெரிய ஆளா வந்தாங்க, ஜோதிலட்சுமி, ஜோதிமணி, அருள்ஜோதின்னு வீட்டு பொண்ணுங்கள சுருக்கி ஜோதின்னு கூப்பிடுறதும் பரவலா இருந்துச்சு, கொஞ்சம் கொஞ்சமா ஜோதின்னு காதுல விழுந்தாலே ஒரு பொண்ணு முகம் தான் மத்தவங்க மனசுக்கு வருது. இத நான் சும்மா சொல்லல, நான் இப்ப கல்யாணப் பத்திரிகையும் பிறந்தநாள் ஃப்ளெக்ஸும் அடிக்கிற கடை வச்சிருக்கேன். ஒரு பத்திரிகையில மூணு தலைமுறை பேரும் ஒரே தாள்ல வந்துடும். தாத்தாக்கள் வரிசையில ஜோதி இன்னும் இருக்காரு, மாமா சித்தப்பா வரிசையில எப்பவாவது ஒருத்தர் வருவாரு, கீழ வாண்டுகள் வரிசையில ஆம்பளப் பிள்ளைக்கு அந்தப் பேரு நான் அடிச்சதா நினைவே இல்ல. ஒரு பேரு ஆம்பளைங்க பக்கமிருந்து பொம்பளைங்க பக்கம் நகர்றதுக்கு நூறு வருஷம்லாம் வேண்டாம், ஒரு ஆளோட ஆயுசுக்குள்ளயே நடந்துடுது. பேர வச்ச தாத்தாவுக்கு அது ஆம்பளைங்களுக்கும் வைக்கிற பேரு, அதே பேர கம்ப்யூட்டர்ல அடிக்கிற இருபத்திரெண்டு வயசு பொண்ணுக்கு அது அவ சிநேகிதி பேரு. பிரச்சினையே இங்க தான் ஆரம்பிக்குது.

முதல் அடி 2010-ல விழுந்துச்சு. ஒரு தனியார் கம்பெனியில அக்கவுன்ட்ஸ்ல வேலைக்கு சேர்ந்தேன். சேர்றப்ப ஃபார்ம் எல்லாம் நான் கையால சரியா தான் நிரப்பி குடுத்தேன், ஆண்ங்கிறத டிக் பண்ணி போட்டோவும் ஒட்டி குடுத்தேன், ஆனா ஹெச்.ஆர்ல அத எக்செல்ல ஏத்தினவங்க பேர மட்டும் பாத்து பெண்ணுன்னு போட்டுட்டாங்க. அப்ப வருமான வரியில ஆணுக்கும் பெண்ணுக்கும் விலக்கு வேற வேறயா இருந்துச்சு, 2010-11 நிதியாண்டுல ஆம்பளைங்களுக்கு 1,60,000 வரைக்கும், பொம்பளைங்களுக்கு 1,90,000 வரைக்கும். 2012-13-ல தான் ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி 2,00,000 ஆச்சு. சம்பள சாஃப்ட்வேர் என்னைய பெண்ணா கணக்கு போட்டு வரிய கம்மியா பிடிச்சிருக்கு. ரிட்டர்ன் போடுறப்ப 30,000-க்கு பத்து சதவீதம், மேல செஸ், சுமார் 3,090 ரூபா கைக்காசு போட்டு கட்டுனேன். ஹெச்.ஆர் கிட்ட சொன்னேன், சாரிங்க சரி பண்ணிட்டோம்னு சொன்னாங்க. அவங்க சரி பண்ணது அந்த சம்பள சாஃப்ட்வேர்ல மட்டும். அதே எக்செல்ல இருந்து பி.எஃப்-க்கு போன விவரம் அப்படியே தப்பாவே உக்காந்திருக்கு, அது எனக்கு பதிமூணு வருஷம் கழிச்சு தான் தெரிய வருது.

அதனால ரெண்டு பக்கமும் போற பேரு உள்ளவங்க ஒண்ணு செய்யுங்க. ஒரு இடத்துல தப்பு தெரிஞ்சா அந்த ஒரு இடத்த சரி பண்ணிட்டு நிம்மதியா இருந்துடாதீங்க. இந்த விவரம் வேற எங்கெல்லாம் போயிருக்கு, பி.எஃப்-க்கா, இன்சூரன்சுக்கா, சம்பள பேங்க்குக்கான்னு கேட்டு எழுத்துல பதில் வாங்குங்க. ஒரு மெயில் போதும். வாய் வார்த்தைய பத்து வருஷம் கழிச்சு யாருக்கும் காட்ட முடியாது, கம்பெனியே இல்லாம போயிடலாம், எனக்கு அது தான் ஆச்சு.

நடுவுல வாக்காளர் பட்டியல் கூத்து ஒண்ணு. வேலைக்காக வாடகைக்கு வந்த ஊர்ல புதுசா பேர் சேத்தேன். பட்டியல் வந்தப்ப பாத்தா பாலினம் பெண், அதுகூட பரவால்லன்னு வச்சுக்கலாம், எங்க அப்பா பேர கணவர்ங்கிற இடத்துல போட்டிருக்காங்க. பெண், கல்யாண வயசு, அப்ப இனிஷியல் புருஷனுதா தான் இருக்கும்னு அடிச்சவங்களே முடிவு பண்ணிட்டாங்க போல. அப்பா தவறி அப்ப ரெண்டு மாசம் கூட ஆகல. சாவடி பக்கத்துல ஒட்டியிருந்த தாள்ல அத படிச்சப்ப தொண்டை அடைச்சுக்கிட்டு வந்துச்சு, யார் மேல கோவப்படுறதுன்னு கூட தெரியல. திருத்தினது என்னவோ சுலபம், படிவம் 8 பூர்த்தி பண்ணி குடுத்தா பாலினம், உறவுமுறை ரெண்டையும் ஒரே விண்ணப்பத்துல மாத்திடலாம், காசும் கிடையாது. ஆனா பாலினத்தோட சேத்து உறவுமுறையையும் பாருங்க, ஒண்ணு தப்பானா இன்னொண்ணும் தப்பா தான் இருக்கும், ஒண்ண மட்டும் திருத்தச் சொல்லி குடுத்தா ஆம்பளைக்கு கணவர்னு விசித்திரமா நிக்கும்.

பெரிய அடிக்கு வரேன். நான் வேலை பாத்த கம்பெனிய 2019-ல மூடிட்டாங்க. நான் ஊருக்கே திரும்பி வந்து கடை போட்டேன். பி.எஃப் பணம் ரெண்டே கால் லட்சத்துக்கு மேல இருந்துச்சு, அவசரத்துக்கு இருக்கட்டும்னு தொடவே இல்ல. 2023 கடைசியில அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிஞ்சு ஆபரேஷன். சரி எடுத்துடலாம்னு போர்ட்டல்ல போனா ஆதார் இணையவே மாட்டேங்குது. யூ.ஏ.என், அதாவது பி.எஃப் உறுப்பினரா நமக்கு குடுக்கிற நம்பர், அதோட ஆதார் சேரணும்னா பேரு, பிறந்த தேதி, பாலினம் மூணும் பொருந்தணும். எனக்கு ஆதார்ல ஆண், பி.எஃப்ல பெண். ஆதார் சேராம ஆன்லைன்ல பணம் கேக்க முடியாது. ஒரே ஒரு எழுத்து, எம் இருக்க வேண்டிய இடத்துல எஃப்.

ஆபரேஷன் காத்திருக்குமா. மனைவி நகைய அடகு வச்சோம். அது மீண்டு வர்றதுக்குள்ள வட்டியா மட்டும் பத்தொம்பதாயிரம் கிட்ட போச்சு. அவ ஒரு வார்த்தை சொல்லல, ஆனா உறவுக்காரங்க கல்யாணத்துக்கு வெறும் கழுத்தோட அவ கிளம்பி நின்னப்ப எனக்கு அவ முகத்த பாக்க முடியல. என் சொந்தப் பணம், நான் மாசாமாசம் சம்பளத்துல இருந்து கட்டுன பணம், நான் ஆம்பளைன்னு நிரூபிக்காம என் கைக்கு வராதுங்கிறது என்ன மாதிரி அவமானம்னு அத அனுபவிச்சவங்களுக்கு தான் புரியும்.

இந்த நேரத்துல ஒரு ஏஜென்ட் கிடைச்சாரு. ஆறாயிரம் வாங்கிக்கிட்டாரு. அவர் சொன்ன வழி என்னன்னா, அண்ணே உங்க பேரு தான் பிரச்சினை, கெசட்ல பேர ஜோதிலிங்கம்னு மாத்திடுங்க, லிங்கம்னு வந்துட்டா ஒருத்தனும் பெண்ணுன்னு போட மாட்டான்னாரு. கேக்கும்போது நியாயமா தான் பட்டுச்சு. தமிழ்நாடு அரசிதழ்ல பேர் மாத்துறது நடைமுறையில இருக்கிறது தான், எழுதுபொருள் அச்சுத்துறைக்கு விண்ணப்பம் போடணும், யார் வேணா மாத்திக்கலாம். ஆனா நல்லா யோசிச்சுப் பாருங்க, பேர மாத்தினா பி.எஃப்ல இருக்கிற அந்த பாலினக் கட்டம் தானா மாறிடுமா? மாறாது. அது அப்படியே பெண்ணுன்னு தான் நிக்கும். கூடுதலா பேரும் பொருந்தாம போயிடும், ஆதார், பான், பேங்க், டி.சி., ஓட்டுநர் உரிமம்னு ஒவ்வொண்ணையும் மாத்தணும். ஒரு பொருத்தமின்மைய தீர்க்கப் போயி ரெண்டு ஆக்கிக்கிறது. இத அந்த ஏஜென்ட் சொல்லல, ஒரு பேங்க் கிளர்க் தம்பி தான் பேச்சுவாக்குல சொன்னாப்ல. நீங்களும் இத நல்லா மனசுல வச்சுக்கங்க. பாலினம் தப்புன்னா பாலினத்த மட்டும் திருத்துங்க. பேர தொடாதீங்க.

அம்மா கிட்ட இந்த பேர் மாத்துற பேச்ச எடுத்தேன். படுக்கையில இருந்தாங்க. "உங்க தாத்தா வச்ச பேருடா ஜோதி. மாத்தணும்னா எனக்கப்புறம் மாத்திக்கோ"ன்னு சொல்லிட்டு சுவத்து பக்கம் திரும்பிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி தான் நான் இந்தப் பேரப் பத்தி முதல் தடவையா உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன். நான் என்னமோ பொம்பளைங்க பேர தூக்கி வச்சுக்கிட்டு அலையுற மாதிரி எல்லாரும் பேசினதுல எனக்கே உள்ளுக்குள்ள ஒரு கூச்சம் வந்திருந்துச்சு, அது படிக்கப் படிக்க போச்சு. சமஸ்கிருதத்துல ஜ்யோதிஸ்ங்கிறது ஆண்பாலும் இல்ல பெண்பாலும் இல்ல, ரெண்டுலயும் சேராத மூணாவது பால். தமிழ்ல தேவாரம் திருவாசகம் பாடினவங்க சிவனைத் தான் சோதின்னு கூப்பிட்டிருக்காங்க. மராட்டியத்துல பெண்களுக்கு பள்ளிக்கூடம் திறந்த ஜோதிராவ் புலே 1827-ல பொறந்தவரு. அசாம்ல முதல் சினிமாவ 1935-ல எடுத்த ஜோதிபிரசாத் அகர்வாலா ஆம்பளை. மேற்கு வங்கத்துல 1977-ல இருந்து 2000 வரைக்கும் முதலமைச்சரா இருந்தவர் ஜோதி பாசு. இதுக்கப்புறம் எந்த கவுன்டர்ல யார் சிரிச்சாலும் ஜோதி பாசு பேர தான் சொன்னேன், கொஞ்சம் வயசானவங்களா இருந்தா ஒரே நொடியில புரிஞ்சுக்குவாங்க.

இது நம்ம ஒரு பேரோட கதை மட்டும் இல்லன்னும் அப்ப தான் புரிஞ்சுது. 1983 உலகக்கோப்பை ஜெயிச்ச அணியில கீர்த்தி ஆசாத் இருந்தாரு, நம்ம ஊர்ல கீர்த்தின்னா பொண்ணு தான். கிரண் பேடி இந்தியாவோட முதல் பெண் ஐ.பி.எஸ் அதிகாரி, கிரண் மோரே விக்கெட் கீப்பர். சுமன்னா நமக்கு ஒரு நடிகர் முகம் வரும், இந்திப் பாட்டு கேக்குறவங்களுக்கு சுமன் கல்யாண்பூர்ங்கிற பாடகி வருவாங்க. ரஜினியவே எடுத்துக்கங்க, ரஜனின்னா இரவு, வடக்க பெரும்பாலும் அது பொண்ணுங்க பேரு. 1975-ல கே.பாலசந்தர் சிவாஜி ராவுக்கு ரஜினிகாந்த்னு வச்சாரு, அதுக்கப்புறம் தமிழ்நாட்டுல ரஜினின்னு சொன்னா பொண்ணு ஞாபகம் யாருக்கு வரும்? ஒரே ஒரு ஆளு ஒரு பேர இந்தப் பக்கம் இழுத்துக்கிட்டு வந்துட்டாரு. என் பேரு அந்தப் பக்கம் போச்சு, அவ்வளவு தான். ஆங்கிலத்துல ஆஷ்லி கூட முதல்ல ஆம்பளைங்க பேரா இருந்து தான் அமெரிக்காவுல பொண்ணுங்க பேரா ஆயிடுச்சு.

ஆனா தமிழ்நாட்டுக்காரங்களுக்கு இதுல ஒரு கூடுதல் சிக்கல் இருக்கு, இத யாரும் சொல்லி நான் கேட்டதில்ல. சீக்கியர்கள எடுத்துக்கங்க, குர்ப்ரீத், ஹர்ப்ரீத், மன்ப்ரீத் எல்லாம் ஆணுக்கும் வைப்பாங்க பெண்ணுக்கும் வைப்பாங்க, ஆனா பின்னாடி சிங்னு வந்தா ஆண், கவுர்னு வந்தா பெண், குழப்பமே இல்ல. நமக்கு முன்னாடி ஒரு இனிஷியல், அத வச்சு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. மத்தபடி நம்ம மொழி ஆளக் காட்டிக் குடுத்துடும், ஜோதி வந்தான்னா ஆண், வந்தாள்னா பெண், ஆனா மரியாதையா வந்தாருன்னு எழுதினா ரெண்டுமே ஆகலாம். சங்கப் புலவர்கள் பேர்லயே ஆர் விகுதி போட்டிருக்கிறதால அதுல எத்தனை பேர் பெண்கள்னு அறிஞர்கள் ஆளுக்கொரு கணக்கு சொல்றாங்க. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின புலவருக்கே இந்த நிலைமைன்னா ஒரு படிவத்துல கே.ஜோதின்னு மட்டும் பாத்த ஆள் ஊகிக்கத் தான் செய்வாங்க. அந்த ஊகத்துக்கு இடம் குடுக்காம இருக்கிறது தான் நம்மால முடிஞ்சது. எந்த ஃபார்ம்லயும் பேருக்கு முன்னாடி திரு.ன்னு எழுதுங்க, மெயில்லயும் அப்படியே கையெழுத்து போடுங்க. தற்பெருமையா தெரியுமோன்னு நான் ரொம்ப நாள் எழுதாம இருந்தேன், இப்ப எழுதுறேன்.

சரி, திருத்தின கதை. முதல்ல ஒரு ஆபீஸ்ல விவரம் கேக்கப் போனப்ப நான் பாலினம் மாத்தணும்னு சொன்னேன். அங்க இருந்தவரு என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு கலெக்டர் சான்றிதழ் கொண்டு வாங்கன்னுட்டாரு. அவர் சொன்னது திருநர்களுக்கான வழி. மாவட்ட ஆட்சியர் கிட்ட விண்ணப்பிச்சு அடையாளச் சான்றிதழ் வாங்குறதுக்கு 2019 சட்டத்துல அவங்களுக்கு வழி பண்ணாங்க, அது அவங்களோட உரிமை, அவங்க போராடி வாங்குனது. என்னோட விஷயம் அது இல்ல, ஒரு ஆள் தட்டச்சுல போட்ட தப்பு. இந்த ஒரு சொல்லுக்காக எத்தனை நாள் வீணா போச்சு தெரியுமா. அதனால மனு எழுதுறப்ப பாலின மாற்றம்னு எழுதாதீங்க. பாலினப் பதிவில் ஏற்பட்ட எழுத்துப்பிழையை திருத்தக் கோருதல்னு பொருள்ல தெளிவா எழுதுங்க, முதல் வரியிலயே நான் பிறப்பால் ஆண், என் எல்லா ஆவணத்திலும் ஆண் என்றே உள்ளது, இந்தப் பதிவில் மட்டும் தவறாக உள்ளதுன்னு எழுதிடுங்க. வாய்ல சொல்றப்பவும் அப்படியே சொல்லுங்க.

பி.எஃப்ல உறுப்பினர் விவரத்த திருத்துறதுக்கு ஜாயின்ட் டிக்ளரேஷன், அதாவது கூட்டு உறுதிமொழின்னு ஒரு படிவம். பேரு, பாலினம், பிறந்த தேதி, அப்பா பேருன்னு பதினோரு விவரத்த எப்படி திருத்தணும்னு 2023 ஆகஸ்ட்ல ஒரு நடைமுறை கொண்டு வந்தாங்க. படிவத்தோட பேருக்கு ஏத்த மாதிரி நீங்களும் கம்பெனியும் சேந்து குடுக்கணும். கம்பெனி தான் மூடியாச்சே. எனக்கு கையும் ஓடல காலும் ஓடல. பழைய மேனேஜர போன்ல பிடிச்சேன், லெட்டர்ஹெட்டே இல்ல தம்பின்னாரு. மூடின கம்பெனின்னா கெசட்டட் ஆபீசர் மாதிரி அதிகாரம் உள்ளவங்க கிட்ட மேலொப்பம் (அட்டெஸ்டேஷன்) வாங்கி பி.எஃப் ஆபீஸ்ல நேரடியா குடுக்கலாம்னு ஒரு வழி இருக்கு, அது தெரியாம எவ்வளவு நாள் ஓடிப் போச்சு. நான் படிச்ச அரசு மேல்நிலைப் பள்ளிக்கே போனேன். இப்ப இருக்கிற தலைமை ஆசிரியை அம்மா என்னைய முன்ன பின்ன பாத்தது கூட இல்ல, பழைய சேர்க்கை பதிவேட்ட எடுத்து வரச் சொல்லி என் பேருக்கு நேரா ஆண்னு எழுதியிருக்கிறத விரல் வச்சு பாத்தாங்க, அப்புறம் "எங்க பெரியண்ணன் பேரும் ஜோதி தாம்ப்பா, அவருக்கும் இதே தொல்லை தான்"னு சொல்லிக்கிட்டே கையெழுத்து போட்டு சீல் வச்சு குடுத்தாங்க. அந்த நிமிஷம் எனக்கு அழுகை வந்துடுச்சு. அத்தனை அலைச்சல்ல என் பேர இயல்பா எடுத்துக்கிட்ட ஒரே ஆபீசர் அவங்க தான்.

ஆவணமா ஆதாரோட பள்ளிக்கூட டி.சி. வச்சேன், பாஸ்போர்ட் வச்சேன். மார்க் ஷீட்ட நம்பி போகாதீங்க, பேரும் பிறந்த தேதியும் தான் அதுல தேடுவோம், நமக்கு வேண்டியது ஆண்னு அச்சுல போட்டிருக்கிற தாள். டி.சி.யில அது இருக்கும். சேர்ந்தப்ப நான் கையால நிரப்பி குடுத்த ஃபார்மோட ஜெராக்ஸ் ஒண்ணு என் பழைய ஃபைல்ல கிடைச்சுது, அதுல ஆண்னு டிக் பண்ணியிருந்தேன், அதையும் இணைச்சேன். அது தான் ரொம்ப உதவுச்சுன்னு நெனைக்கிறேன், ஏன்னா தப்பு எந்த இடத்துல நடந்துச்சுன்னு அந்த ஒரு தாளே சொல்லிடுச்சு. வேலைக்கு சேர்றப்ப நிரப்புற ஃபார்ம போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கங்க, எல்லா பக்கத்தையும்.

குடுத்துட்டு வந்து சும்மா உக்காராதீங்க. ஒவ்வொரு மாசமும் 27-ம் தேதி மாவட்டந்தோறும் பி.எஃப் குறைகேட்பு முகாம் நடக்குது, அன்னைக்கு லீவா இருந்தா அடுத்த வேலை நாள். நம்ம ஊர்ல பி.எஃப் ஆபீஸ் இல்லன்னாலும் முகாமுக்கு போலாம். நான் போனப்ப ஒரு அதிகாரி நேர்ல பாத்து மனுவ படிச்சாரு, எந்த மேஜையில நிக்குதுன்னு அங்கயே பாத்து சொன்னாரு, ஒரு ஜெராக்ஸ்ல மேலொப்பம் விட்டுப் போயிருந்தது அப்ப தான் தெரிஞ்சுது. அத குடுத்தப்புறம் திருத்தம் ஏறுச்சு, ஆதார் சேந்துச்சு, பணமும் வந்துச்சு. அஞ்சு வருஷத்துக்கு மேல சர்வீஸ் இருந்ததால வரியும் பிடிக்கல. முகாம்லயும் சரி கவுன்டர்லயும் சரி எனக்கு ஒத்த பைசா கேக்கல. ஏஜென்டுக்கு குடுத்த ஆறாயிரம் போனது தான், அவர் போன எடுக்கிறதே இல்ல.

2025 ஜனவரியில இருந்து நிலைமை இன்னும் லேசாயிருக்கு. 2017 அக்டோபர் 1-க்கு அப்புறம் ஆதார் வச்சு யூ.ஏ.என் வாங்கினவங்க பேரு, பாலினம், பிறந்த தேதி மாதிரி விவரங்கள ஆன்லைன்ல தாங்களே திருத்திக்கலாம், கம்பெனி ஒப்புதல் கூட வேண்டாம். அதுக்கு முந்தின யூ.ஏ.என் உள்ளவங்க வேலையில இருக்கும்போதே கம்பெனி மூலமா முடிச்சிடுங்க. கம்பெனி உயிரோட இருக்கிற வரைக்கும் தான் இது சின்ன வேலை.

ஒருவேளை ஆதார்லயே தப்பா இருந்தா ரொம்ப கவனம். ஆதார்ல பேர ரெண்டு தடவை திருத்தலாம், பாலினத்த ஒரே ஒரு தடவை தான். அந்த ஒரு வாய்ப்ப அவசரத்துல தப்பா போட்டு வீணாக்கிட்டா அப்புறம் மண்டல அலுவலகம் வரைக்கும் போகணும். எதிர்ல உக்காந்திருக்கிறவங்க திரைய நம்ம பக்கம் திருப்பச் சொல்லி கண்ணால பாத்துட்டு தான் சரின்னு சொல்லணும், ஒப்புகைச் சீட்டு வந்ததும் அங்கயே நின்னு படிக்கணும். அப்புறம் முதல்ல ஆதார், அதுக்கப்புறம் மத்தது எல்லாம். ஆதார் தப்பா இருக்கும்போது பி.எஃப்ப சரி பண்ணா ரெண்டு தடவை அலையணும்.

பலரும் கவனிக்காத ஒண்ணு இன்சூரன்ஸ். டேர்ம் பாலிசியில, அதாவது ஆள் இறந்தா குடும்பத்துக்கு பணம் தர்ற இன்சூரன்ஸ்ல, பொம்பளைங்களுக்கு பிரீமியம் கம்மி. ஆம்பளைய பெண்ணுன்னு போட்டு கம்மி பிரீமியத்துல பாலிசி ஓடுச்சுன்னா, க்ளெய்ம் வர்ற அன்னைக்கு நாம இருக்க மாட்டோம், நம்ம குடும்பம் தான் அங்க நின்னு பதில் சொல்லணும். நான் இந்த பி.எஃப் வேலை முடிஞ்ச கையோட என் பாலிசி பேப்பர எடுத்துப் பாத்தேன், ஆண்னு சரியா இருந்துச்சு, அன்னைக்கு தான் நிம்மதியா தூங்குனேன். உங்க பேரு ஜோதியோ மணியோ எதுவா இருந்தாலும் இன்னைக்கே அந்த முதல் பக்கத்த எடுத்துப் பாருங்க.

கடைசியா பேர் வைக்கப் போறவங்களுக்கு. கடையில பேர் அடிக்க வர்ற இளம் அப்பா அம்மா சில பேர் கேப்பாங்க, தமிழ்னு வைக்கலாமா, மதின்னு வைக்கலாமா, பின்னாடி கஷ்டமாகுமா அண்ணேன்னு. தாராளமா வைங்கன்னு தான் சொல்வேன். இன்னும் முப்பது வருஷத்துல எந்தப் பேரு எந்தப் பக்கம் போகும்னு யாராலயும் சொல்ல முடியாது, இன்னைக்கு அசல் ஆம்பளைப் பேருன்னு நெனைக்கிறது கூட நாளைக்கு நகரலாம், அதுக்கு பயந்து பிடிச்ச பேர விட வேண்டியதில்ல. ஆனா பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும் பேருக்கு முன்னாடி பாலினத்தப் பாருங்க. தமிழ்நாட்டுல பிறப்ப பதிஞ்சு ஒரு வருஷத்துக்குள்ள குழந்தை பேர சேத்தா கட்டணம் இல்ல, அதுக்கப்புறம் பதினஞ்சு வருஷம் வரைக்கும் தாமதக் கட்டணத்தோட சேக்கலாம், நிறைய பேர் பேர் சேக்கப் போற அன்னைக்கு பேரோட எழுத்த மட்டும் சரிபாத்துட்டு வந்துடுறாங்க. அதே நாள் மத்த கட்டத்தையும் பாத்துட்டு, தப்பு இருந்தா அங்கயே பிழைத்திருத்த மனு குடுத்துட்டு வாங்க, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரிய கையில எடுத்துட்டு போங்க, குழந்தை ஆணா பெண்ணான்னு அதுல போட்டிருக்கும். பள்ளிக்கூடத்துல சேக்குறதுக்கு முன்னாடி இத முடிச்சிடுங்க, டி.சி. அதுல இருந்து தான் பொறக்குது.